அப்பாவின் கடிதங்களைப் படிக்கும் பிள்ளைகள்

நெதர்லாந்துச் செய்தித்தாள்களில் மொரோக்கோ வம்சாவளி இளைஞன் இரண்டு பக்கங்களில்தான் தென்படுகிறான்: ஒன்று குற்றச் செய்திப் பக்கம், மற்றொன்று விளையாட்டுப் பக்கம். அவர்கள் பெருமளவில் வாழும் ஆம்ஸ்டர்டாமின் மேற்குப் பகுதியில் நான் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். அந்த இரண்டு பக்கங்களிலும் இடம் கிடைக்காத அவர்களுடைய அன்றாடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குள் விதைத்தவை நீல நிற உறைகள். இந்நாட்டு வரித்துறையின் கடிதங்கள் அந்த உறைகளில்தான் வரும். எங்கள் கட்டடத்தில் பல வீடுகளில், உறையின் மேல் பெயர் உள்ளவர் அதைப் பிரிப்பதில்லை. அவருடைய மகன் மாலையில் வீடு திரும்பும் வரை அது மேசை மேலேயே கிடக்கும்.

பத்து வயதில் இந்த வேலை தொடங்கிவிடுகிறது. பள்ளியிலிருந்து வந்து புத்தகப் பையை இறக்கிய கையோடு பையன் கடிதக் கட்டின் முன் உட்கார வேண்டும். வாடகை மானியம் குறித்த அறிவிப்பு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நினைவூட்டல், கழிவுநீர்க் குழாயைப் பழுதுபார்க்க ஆள் வரும் நாள், தம்பியின் ஆசிரியர் அனுப்பிய அழைப்பு என எல்லாவற்றையும் அவன் டச்சு மொழியில் படித்து, ரிஃப் மலைப்பகுதியின் பெர்பர் மொழியிலோ மொரோக்கோ அரபியிலோ பெற்றோருக்குச் சொல்கிறான். படித்ததை முழுவதுமாகச் சொல்வதில்லை என்பதும் உண்டு. அம்மாவின் உறக்கத்தைக் கெடுக்கக்கூடிய வரிகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மூன்றாவது எச்சரிக்கையை முதல் எச்சரிக்கையைப் போலச் சொல்லும் கலையை அவன் சீக்கிரமே கற்றுக்கொள்கிறான். அரசு அலுவல்கள் இணையத்துக்கு மாறிய பிறகு, குடிமக்கள் உள்நுழையப் பயன்படுத்தும் டிஜிடி கணக்கின் கடவுச்சொல்லும் அவன் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிட்டது. மகள்களும் இதைச் செய்கிறார்கள். பல வீடுகளில் அவர்கள்தாம் திறமையாகச் செய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால், இந்தப் பதிவு பையன்களைப் பற்றியது.

மருத்துவமனையில் இந்த வேலை இன்னும் கடினமாகிறது. மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அரசு வழங்கிவந்த நிதியை 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்து நிறுத்தியது. மொழி தெரியாத நோயாளி உடன் ஒருவரை அழைத்துவர வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். அந்த ஒருவர் பெரும்பாலும் அவருடைய பிள்ளைதான். என்னோடு வேலை பார்க்கும் ஓர் இளைஞர், பதின்மூன்று வயதில் தாயின் மார்பில் இருந்த கட்டியைப் பற்றி மருத்துவர் கூறியதைத் தாயிடம் தானே சொல்ல நேர்ந்ததாக ஒருமுறை கூறினார். மருத்துவர் அவரைப் பார்த்துப் பேசினாராம். தாயோ மருத்துவரைப் பார்க்காமல் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். உடலைப் பற்றித் தாயும் மகனும் வாய்விட்டுப் பேசும் வழக்கமே இல்லாத குடும்பத்தில், அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது நிதிச் சிக்கனத்துக்கான ஒரு முடிவு என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர் கோபப்படுவதில்லை, கட்டி தீங்கற்றது என்று பின்னர் தெரிந்ததை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்தத் தந்தையர் ஏன் டச்சு மொழி கற்கவில்லை என்று கேட்பவர்கள், அவர்கள் எதற்காக அழைத்துவரப்பட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 1956 ஆகஸ்டு 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த தீ விபத்தில் 262 பேர் இறந்தார்கள். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தாலியர்கள் என்பதால் இத்தாலி தன் ஆட்களை அனுப்புவதை நிறுத்த, பெல்ஜியம் வேறு நாடுகளைத் தேடத் தொடங்கியது. 1963இல் ஜெர்மனியும் பிரான்சும், 1964இல் பெல்ஜியமும், 1969 மே மாதத்தில் நெதர்லாந்தும் மொரோக்கோவோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் வடக்கிலுள்ள ரிஃப் மலைகளைச் சேர்ந்தவர்கள். அந்த மண் எல்லோருக்கும் சோறு போடக்கூடியதன்று. அங்குள்ள ஆண்கள் அறுவடைக் காலத்தில் அல்ஜீரியாவின் பிரெஞ்சுப் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தார்கள். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதோடு அந்த வழியும் அடைபட்டது. 1958-59இல் ரிஃப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியைப் படையனுப்பி ஒடுக்கிய மொரோக்கோ அரசுக்கும், அந்த மலைகளின் இளைஞர்கள் கடல் கடந்து போவதில் வருத்தம் இருந்திருக்காது.

ட்வெண்டே பகுதியின் நெசவாலைகள், ஐமைடன் எஃகு ஆலை, ராட்டர்டாமின் கப்பல் கட்டும் தளங்கள், இறைச்சிக் கூடங்கள் ஆகியவற்றுக்குத் தேவைப்பட்டவை வலுவான தோள்கள். மொழியை எவரும் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் திரும்பிப் போய்விடுவார்கள் என்றே இரு தரப்பும் நம்பின. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஆள் எடுப்பது நின்றது. போனால் திரும்பி வர முடியாது என்று உணர்ந்த தொழிலாளர்கள் மனைவி மக்களை இங்கே வரவழைத்துக்கொண்டார்கள். குடும்பங்கள் வந்து சேர்ந்த சில ஆண்டுகளில், எண்பதுகளில், அந்த ஆலைகளிலும் தளங்களிலும் பல மூடப்பட்டன. வேலைக்காகவே வந்த மனிதர் நாற்பத்தைந்து வயதில் முதுகுவலியோடும் உதவித்தொகையோடும் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் இரண்டாம் தலைமுறைப் பையன்கள். தந்தையின் அதிகாரம் வீட்டில் குறையவில்லை. ஆனால், அதைச் செலுத்த அவருக்குத் தேவையான தாள்களையெல்லாம் மகனே படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முரணைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வதை நான் கேட்டதே இல்லை.

பள்ளிக்கு வருவோம். நெதர்லாந்தில் ஒரு பிள்ளையின் பாதை ஏறத்தாழ 12 வயதில் பிரிந்துவிடுகிறது. தொடக்கப் பள்ளியின் இறுதியில் ஆசிரியர் தரும் பரிந்துரையைப் பொறுத்து அவன் தொழிற்கல்வி நோக்கிய வி.எம்.பி.ஓ. பிரிவுக்கோ, உயர்தொழிற்கல்விக்கு வழிவிடும் ஹாவோ பிரிவுக்கோ, பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பிரிவுக்கோ போகிறான். 2015 முதல் தேர்வு மதிப்பெண்ணைவிட ஆசிரியரின் பரிந்துரைக்கே முதன்மை தரப்பட்டது. டச்சு தெரியாத பெற்றோர், “உங்கள் மகன் கைவேலையில் கெட்டிக்காரன்” என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்த கதைகள் இங்கே ஏராளம். அந்தப் பாராட்டைப் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவனும் அந்த மகனேதான். மாணவன் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் பெற்றால் பள்ளி தன் பரிந்துரையை உயர்த்த வேண்டும் என்ற விதி 2023-24 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

கீழ்ப் பிரிவில் போடப்பட்டவர்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. வி.எம்.பி.ஓ. முடித்து, எம்.பி.ஓ. எனப்படும் தொழிற்கல்லூரியை முடித்து, அதன்பின் உயர்தொழிற்கல்வி நிறுவனத்தில் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள் பலர். நேர்வழியில் 9 ஆண்டுகளில் எட்டக்கூடிய பட்டத்தை இவர்கள் 11 அல்லது 12 ஆண்டுகளில் எட்டுகிறார்கள். அந்தக் கூடுதல் ஆண்டுகளின் வாடகையையும் சாப்பாட்டையும் வேலை செய்யாத தந்தையின் வீடுதான் தாங்குகிறது. இடையில் களப்பயிற்சி என்னும் தடை ஒன்று உண்டு. தொழிற்கல்லூரி மாணவன் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறாமல் சான்றிதழ் வாங்க முடியாது. ஆனால், விண்ணப்பத்தின் மேல் முகமது என்ற பெயரும் கீழே எங்கள் பகுதியின் அஞ்சல் குறியீடும் இருந்தால் பதில் வருவது அரிது. களப்பயிற்சியில் பாகுபாடு இருப்பதை ஏற்றுக்கொண்டு அரசும் கல்லூரிகளும் முதலாளிகளும் 2023இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன் அந்த ஆண்டில், கணக்கியல் பயிற்சிக்கு எங்கும் இடம் கிடைக்காமல், இறுதியில் தன் மாமாவின் காய்கறிக் கடைக் கணக்கைப் பார்த்தே பயிற்சியை முடித்தான்.

அவர்கள் ஏன் எப்போதும் தெருவில் நிற்கிறார்கள் என்பது அயலவர்களின் நிரந்தரப் புகார். ஐந்து பிள்ளைகள் உள்ள மூன்று அறை வீட்டில், வரவேற்பறை விருந்தினருக்கும் தந்தைக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்க, சமையலறை தாயும் அக்காள் தங்கையரும் புழங்கும் இடமாக இருக்க, பதினேழு வயதுப் பையன் தன் நண்பனை எங்கே உட்கார வைப்பான்? சதுக்கத்தின் விளக்குக் கம்பத்தடி அவனுடைய வரவேற்பறையாகிறது. அங்கே நிற்பதாலேயே காவலர்கள் அவனுடைய அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். புதிதாக வாங்கிய ஸ்கூட்டரையோ விலையுயர்ந்த மேலாடையையோ பார்த்தால், அதற்குப் பணம் எப்படி வந்தது என்ற கேள்வியும் சேர்ந்துவிடுகிறது. எல்லைச் சோதனையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க இனத் தோற்றத்தை ஓர் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று தி ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் ராணுவக் காவல்துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, அதை எங்கள் குடியிருப்பில் எவரும் கொண்டாடவில்லை. தீர்ப்பு விமான நிலையத்தைப் பற்றியது, சதுக்கத்தைப் பற்றியதன்று என்பது அவர்களுக்குத் தெரியும்.

குற்றத்தை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. காவல்துறையின் சந்தேக நபர் பட்டியல்களில் இந்தச் சமூகத்து இளைஞர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருக்கிறார்கள். ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப் துறைமுகங்களில் கொள்கலன்களுக்குள் மறைத்து வரும் கொக்கெய்னை இரவில் எடுத்துவரப் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைப் பிடிக்கும் கும்பல்கள் நிஜமானவை. அவற்றின் வன்முறை 2019இல் ஒரு வழக்கறிஞரையும் 2021இல் பீட்டர் ஆர். டி வ்ரீஸ் என்ற புகழ்பெற்ற குற்றச் செய்தியாளரையும் பலிகொண்டது. அந்தப் பையன்களின் தாய்மார்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால், காலை ஐந்து மணிக்குச் சிபோல் விமான நிலையத்தில் பெட்டிகளைத் தூக்கப் பேருந்து ஏறும் கூட்டம் அதே தெருவில் அதைவிடப் பன்மடங்கு பெரியது. அவர்கள் எந்தப் பட்டியலிலும் எண்ணப்படுவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: இந்த இளைஞர்களின் நாள் முழுவதும் பிறருக்காகப் பதில் சொல்வதிலேயே கழிகிறது. வீட்டில் தொடங்கிய பழக்கத்தை வெளியுலகமும் அவர்கள் மீது ஏற்றிவிட்டது. 2004 நவம்பரில் இயக்குநர் தியோ வான் கோக் ஆம்ஸ்டர்டாமின் தெருவில் கொல்லப்பட்டார். கொலையாளி மொரோக்கோ வம்சாவளியினன். மறுநாளே இந்நாட்டின் அலுவலக மதிய உணவு மேசைகளில் ஒவ்வொரு முகமதுவும் ஒவ்வொரு யூசுபும் அந்தக் கொலையைக் கண்டிக்க வேண்டியவர் ஆனார். 2015இல் பாரிசும் 2016இல் பிரஸ்ஸல்சும் தாக்கப்பட்டபோது அதே நாற்காலிகளில் அதே கேள்விகள் திரும்பி வந்தன. 2014 மார்ச் 19 அன்று தி ஹேக்கில் குடியேற்றத்தை எதிர்க்கும் அரசியல்வாதி கேர்ட் வில்டர்ஸ், நாட்டில் மொரோக்கர்கள் அதிகமாக வேண்டுமா குறைவாக வேண்டுமா என்று தன் ஆதரவாளர்களிடம் கேட்டு, “குறைவாக, குறைவாக” என்று அவர்களைக் கோஷமிட வைத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாகின. ஒரு சமூகத்தை இழிவுபடுத்திய குற்றத்தை 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது; தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. என் சக ஊழியரிடம் அது பற்றிக் கேட்டபோது, அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்த இரவில் ‘அந்தக் கூட்டம் என்ன சொல்கிறது’ என்று தந்தை கேட்டதாகவும், கால்பந்தாட்ட ரசிகர்கள் என்று தான் சொல்லிவிட்டதாகவும் கூறினார். அந்தத் தந்தை அதை நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோடையில் பதில் சொல்லும் திசை மாறுகிறது. ஜூலை மாதத்தில் எங்கள் தெருவில் கார்களின் கூரைமேல் மிதிவண்டிகளும் போர்வை மூட்டைகளும் ஏறும். பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து அல்ஹெசிராஸிலோ அல்மெரியாவிலோ கப்பலேறும் அந்தப் பயணம் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ஓட்டுநர் உரிமம் பெற்ற மகனின் முதல் பெரிய கடமை, இரவு நேரத்தில் தந்தையிடமிருந்து சக்கரத்தை வாங்கிக்கொள்வது. ரிஃப் கடற்கரையின் நாடோரிலோ அல்ஹொசைமாவிலோ, ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக்கிடக்கும், தந்தை தன் சேமிப்பையெல்லாம் கொட்டிக் கட்டிய மூன்று மாடி வீடு காத்திருக்கும். அங்கே அவன் ஐரோப்பாக்காரன். காப்பிக் கடையில் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியவன், அத்தை மகனுக்கு விசா ஏன் கிடைக்கவில்லை என்று விளக்க வேண்டியவன். உடைந்த அரபியில் பேசி அரசு அலுவலகத்தில் ஏளனத்துக்கு ஆளாகிறவனும் அவனே. மொரோக்கோ குடியுரிமையைத் துறப்பதற்கு நடைமுறையில் வழி இல்லை. தந்தை வழியாக வருவது 2007க்குப் பிறகு தாய் வழியாகவும் வருகிறது. ஆகவே, ஆம்ஸ்டர்டாமில் பிறந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளையும் அந்நாட்டு அரசரின் குடிமகன்தான்.

இதன் எடை 2016க்குப் பிறகு வெளிப்படையாகத் தெரிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று அல்ஹொசைமாவில் மொஹ்சின் ஃபிக்ரி என்ற மீன் வியாபாரி, அதிகாரிகள் பறிமுதல் செய்த தன் மீன்களை மீட்க முயன்று குப்பை லாரியின் எந்திரத்தில் நசுங்கி இறந்தார். மாதக்கணக்கில் போராட்டங்கள் நடந்தன. அவற்றின் தலைவர்களுள் முதன்மையானவரான நாசர் ஸெஃப்சாஃபிக்கு 2018இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ரிஃப் கொடியோடு ஆம்ஸ்டர்டாமில் ஊர்வலம் போன இளைஞர்களில் சிலர், அடுத்த கோடையில் பாட்டியைப் பார்க்கப் போகலாமா என்று தயங்கினார்கள். முகநூலில் தான் எழுதியதற்காக அங்கே தந்தை விசாரிக்கப்படுவாரோ என்ற அச்சம் ஒருவனை எப்படி வாயடைக்கச் செய்யும் என்பதை நான் அப்போது நேரில் பார்த்தேன்.

2022 உலகக் கோப்பையின்போது மட்டும் எவரும் எவருக்கும் பதில் சொல்லவில்லை. மொரோக்கோ அணியின் 26 ஆட்டக்காரர்களில் 14 பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். ஹக்கீம் ஸியெக் நெதர்லாந்தின் ட்ரோன்டன் ஊரிலும், சோஃபியான் அம்ராபத் ஹைசனிலும், அஷ்ரஃப் ஹக்கிமி மாட்ரிட்டிலும் பிறந்தவர்கள். பெல்ஜியத்தையும் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வென்று, அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணியாக அது ஆனபோது, ஆட்டக்காரர்கள் தாய்மார்களை மைதானத்துக்கு அழைத்துவந்து கட்டிக்கொண்டார்கள். சோஃபியான் பூஃபால் தாயின் கையைப் பிடித்து நடனமாடினார். எங்கள் கட்டடத்துத் தாய்மார்கள் அந்தக் காட்சியைப் பல நாள் பேசினார்கள். சில நகரங்களில் கொண்டாட்டத்தின் முடிவில் கலவரத் தடுப்புக் காவலர்கள் வந்ததும், அடுத்த நாள் செய்தி அதைப் பற்றியே இருந்ததும் எதிர்பார்த்தவைதான்.

திருமணமும் வீடும் தனிப் பதிவு ஒன்றைக் கேட்கும் விஷயங்கள். மொரோக்கோவிலிருந்து பெண் எடுக்கும் வழக்கம் இந்தத் தலைமுறையில் பெரிதும் குறைந்துவிட்டது. 2006 முதல் வருங்கால மனைவி நாட்டுக்குள் வருவதற்கு முன்பே டச்சு மொழித் தேர்வு எழுத வேண்டியிருப்பது ஒரு காரணம். இங்கே பிறந்தவளோடுதான் சிரித்துப் பேச முடிகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று இளைஞர்களே சொல்கிறார்கள். மணமகள் கிடைத்தாலும் வீடு கிடைப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் மானிய வாடகை வீட்டுக்குப் பத்தாண்டுக்கும் மேல் வரிசையில் காத்திருக்க வேண்டும். சொந்த வீடு என்றால் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதால், நல்ல சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்காரர் பெற்றோர் வீட்டின் சிறிய அறையிலேயே இருப்பதைக் காண்கிறேன். 2015இல் மாணவர் உதவித்தொகைக்குப் பதிலாகக் கடன் திட்டம் வந்தபோதும் இதே தயக்கம் சிலரைப் படிப்பிலிருந்து விலக்கி வைத்தது. 2023இல் உதவித்தொகை மீண்டும் வந்துவிட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் வயது கடந்தவர்களுக்கு அதனால் பெரிய பயனில்லை.

தந்தையர் இப்போது ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். உடலை மொரோக்கோவுக்கு அனுப்புவதற்கான காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிவருவதும் மகனின் பொறுப்பே. 2020 மார்ச்சில் மொரோக்கோ தன் எல்லைகளை மூடியபோது பல குடும்பங்கள் தந்தையை இங்கேயே அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு கல்லறைக்கு எத்தனை ஆண்டு உரிமை, காலவரையற்ற உரிமைக்கு எவ்வளவு பணம் என்றெல்லாம் நகராட்சியோடு வாதாடியவர்கள், பத்து வயதில் வாடகை மானியக் கடிதத்தைப் படித்தவர்கள்தாம்.

அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியில், இறுதியாண்டுப் பரிந்துரைக்கான கூட்டத்துக்குச் சென்ற இடத்தில் அப்படிப்பட்ட ஒருவரோடு தாழ்வாரத்தில் காத்திருந்தேன். அவருடைய கையில் மகளின் ஆறு ஆண்டு மதிப்பெண் அறிக்கைகள் வரிசைப்படி அடுக்கிய கோப்பு இருந்தது. தன் தந்தை இதே போன்ற ஓர் அறையில் தலையாட்டிவிட்டு வந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தவர், மகளுக்கு வி.எம்.பி.ஓ. பரிந்துரைத்தால் எந்தப் பாடத்தில் எந்த மதிப்பெண்ணின் அடிப்படையில் என்று எழுத்தில் கேட்கப்போவதாகச் சொன்னார். மகளை அவர் உடன் அழைத்து வரவில்லை. அவள் அந்த நேரத்தில் நீச்சல் வகுப்பில் இருந்தாள்.